திறந்தவெளி ஆராதனைக்கு மைக் செட் அமைப்பது எப்படி: 250 பேர் கூடும் இடத்துக்கான முழு வழிகாட்டி

கல்லறைத் திருநாள், அசனம், கன்வென்ஷன் கூட்டம், ஈஸ்டர் அதிகாலை ஆராதனை, கெபி முன்பு நடக்கும் திருப்பலி. ஆலயத்துக்கு வெளியே கூடும் எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் இருப்பவர் சொல்லும் குறை ஒன்றுதான்: "சத்தம் வருது, என்ன சொல்றாருன்னுதான் விளங்கல." உடனே கமிட்டி அடுத்த வருஷத்துக்குக் கூடுதல் வாட்ஸ் உள்ள பாக்ஸ் தேடும். குறை அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. வெட்டவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரும் கூரையும் கிடையாது. பாக்ஸிலிருந்து தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 4 மீட்டரில் 88, 16 மீட்டரில் 76. இழந்த 6 டெசிபலை வாட்ஸால் மீட்க ஆம்ப்ளிஃபயரின் சக்தி நான்கு மடங்காக வேண்டும். பாக்ஸைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் அதே 6 டெசிபல் காசில்லாமல் கிடைக்கும். மைக்கும் வாயும் அப்படித்தான். ஆகவே பாக்ஸ் மக்களுக்குப் பக்கத்தில், மைக் வாய்க்குப் பக்கத்தில். கீழே வருகிற எல்லாமே இந்த இரண்டையும் சாத்தியமாக்கும் வேலைகள்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் அளவு: 200 முதல் 250 பேர், 15 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம் உள்ள இடம். பிரசங்கம், வாசகம், பாடகர் குழு, ஒரு கீபோர்டு.

இடம் பார்ப்பது

ஆராதனை நடக்கும் அதே நேரத்தில், முந்தின நாள் போய்ப் பாருங்கள். அதிகாலையில் நடக்கப்போவதை மத்தியானம் பார்த்துப் பயனில்லை. வெயிலில் தரை சூடாகும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவர்களுக்குக் குறைந்து கேட்கும். விடியற்காலையிலும் இரவிலும் தரையையொட்டிய காற்று குளிர்ந்திருப்பதால் அது கீழ்நோக்கி வளையும். பகலில் அடுத்த தெருவுக்கே எட்டாத செட் காலை ஆறு மணிக்கு அடுத்த ஊர் வரை கேட்பது இதனால்தான். புகார்கள் வருவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பீடத்திலிருந்து மக்களை நோக்கி வீசும்படி மேடையை அமையுங்கள். எதிர்க்காற்றில் உயர் சுருதி ஒலிகள், அதாவது மெய்யெழுத்துகள், முதலில் அடிபடும். தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றிலும், கடற்கரை ஊர்களில் மாலைக் கடற்காற்றிலும் இதைப் பார்க்காமல் மேடை போட்டால் எந்த செட்டும் கைகொடுக்காது. மக்களுக்குப் பின்னால் 20 மீட்டருக்கு அப்பால் உயரமான சுவர் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இருந்தால் பேச்சு திரும்பி வந்து முன்வரிசைக்கு எதிரொலியாகக் கேட்கும். அப்போது மேடையைச் சற்றுக் கோணமாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

மக்களை நீளவாக்கில் உட்கார வைக்காமல், மேடையைச் சுற்றி அரைவட்டமாக உட்கார வைத்தால் கடைசி வரிசை சில மீட்டர் முன்னால் வந்துவிடும். நாற்காலி போடுகிறவரிடம் சொல்வது சவுண்ட் வேலையின் முதல் படி.

அனுமதி

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நடைமுறையில் விண்ணப்பத்தைக் காவல் நிலையத்தில் தொடங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. பண்டிகைக் காலத்தில் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதிக்கு விதித்த ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். தமிழ்நாட்டில் காவல்துறை அனுமதி பாக்ஸ் வகைக்குத்தான். பேச்சின் தெளிவுக்கும் பாக்ஸ்தான் நல்லது.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையை நாலரை மணிக்குத் தொடங்கும் சபைகள் ஆறு மணிவரை மைக் இல்லாமல் பாட்டும் ஜெபமுமாக நடத்திவிட்டு, செய்தியை ஆறுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். 250 பேர் சேர்ந்து கீர்த்தனை பாடுவதற்கு மைக் எதற்கு?

என்னென்ன வேண்டும்

வாங்குவதானாலும் வாடகைக்கு எடுப்பதானாலும் இந்த அளவு போதும்:

- 12 அங்குல ஆக்டிவ் பாக்ஸ் 2 (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது). அதிகபட்ச ஒலி அளவு 120 டெசிபலுக்கு மேல் இருக்கட்டும். பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைவிட இந்த எண்ணைப் பாருங்கள்.
- டிரைபாட் ஸ்டாண்ட் 2, மணல் மூட்டை 6.
- 10 அல்லது 12 சேனல் மிக்சர் 1. எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள கனெக்டர்) மைக் உள்ளீடு குறைந்தது 6, ஒவ்வொரு மைக் சேனலிலும் லோ கட் (அடித்தொனியை வெட்டும்) பட்டன்.
- ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்குவது) 3. பாடகர் குழுவுக்கு கண்டென்சர் மைக் (சற்றுத் தள்ளியிருக்கும் ஒலியையும் வாங்குவது) 2.
- கையில் பிடிக்கும் வயர்லெஸ் மைக் 1, புது ஆல்கலைன் பேட்டரி இரண்டு ஜோடி.
- மைக் ஸ்டாண்ட் 5, எல்லா மைக்குக்கும் ஸ்பாஞ்ச் உறை.
- கீபோர்டுக்கு டிஐ பாக்ஸ் (அதன் ஒலியை மைக் கேபிள் வழியே மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) 1.
- எக்ஸ்எல்ஆர் கேபிள்: 10 மீட்டர் 5, 20 மீட்டர் 2, கூடுதலாக இரண்டு. மிக்சர் மக்கள் நடுவில் இருக்கப்போவதால் 8 சேனல் ஸ்னேக் கேபிள் (பல மைக் ஒயர்கள் ஒன்றாகச் சேர்ந்தது) 25 மீட்டர் இருந்தால் நல்லது.
- மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் செய்த எக்ஸ்டென்ஷன் 30 மீட்டர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) பொருத்திய ஜங்ஷன் பாக்ஸ்.
- துணி ஒட்டும் டேப், சாக்கு அல்லது ரப்பர் மேட், பெரிய பாலித்தீன் தாள், டார்ச், டெஸ்டர், மல்டிமீட்டர்.

15 அங்குல பாக்ஸ் கீபோர்டின் அடித்தொனிக்கு நன்றாக இருக்கும், பேச்சுக்குத் தேவையில்லை. இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டிய செட்டில் எடை பெரிய விஷயம்.

பல சபைகளில் ஏற்கெனவே அஹூஜா கம்பெனி ஆம்ப்ளிஃபயரும் காலம் (column) ஸ்பீக்கரும், அதாவது உயரமான ஒடுங்கிய ஸ்பீக்கரும், இருக்கும். தாராளமாகப் பயன்படுத்தலாம். 100 வோல்ட் லைனில் (பல ஸ்பீக்கர்களை நீண்ட ஒயரில் இணைக்கும் முறை) கட்டும்போது எல்லா ஸ்பீக்கர்களின் டேப் வாட்ஸையும் (ஒவ்வொன்றின் டிரான்ஸ்ஃபார்மரிலும் தேர்ந்தெடுத்த வாட்ஸ்) கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸில் 80 சதவீதத்துக்குள் வர வேண்டும். 4 ஓம், 8 ஓம் முனைகளில் ஒன்றையும் 100 வோல்ட் முனையில் ஒன்றையும் கலந்து கட்டக் கூடாது. 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகக் கட்டினால் 4 ஓம் ஆகும். மூன்றாவதைச் சேர்த்தால் ஆம்ப் சூடேறிப் போகும். காலம் ஸ்பீக்கரைச் செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும். படுக்கவைத்துக் கட்டினால் ஒலி பக்கவாட்டில் குறுகி, வானத்துக்கும் தரைக்கும் விரயமாகும். இந்தத் தவறை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

மின்சாரம்

ஆலயத்தின் மெயின் போர்டில் தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) வழியாக லைன் எடுங்கள். சீரியல் லைட்டும் சமையல் கிரைண்டரும் இருக்கும் லைனில் சேர்க்காதீர்கள். கம்பத்தில் கொக்கி போடும் பேச்சே வேண்டாம். ஆலயம் பக்கத்தில் இல்லையென்றால் மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஆகிய மூன்றில் ஒன்று.

ஒயரின் கனம் ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் தூரம், 5 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு 4 வோல்ட்டுக்குள். கடையில் மலிவாகக் கிடைக்கும் 0.5 ஒயரில் ஏறத்தாழ 20 வோல்ட். கிராமத்து லைனில் ஏற்கெனவே 200 தான் வருகிறது என்றால், பாடகர் குழு உச்ச ஸ்தாயியில் பாடும் நேரம் பாக்ஸ் வெட்டி வெட்டி வரும். எக்ஸ்டென்ஷன் டிரம்மில் சுற்றிய ஒயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே லோடு ஏற்றினால் உள்ளே சூடேறி உருகும்.

எர்த் பின்னை உடைப்பது, எர்த் ஒயரைக் கழற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஹம்மிங்கை (பாக்ஸில் விடாமல் வரும் "ம்ம்" இரைச்சலை) நிறுத்த இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று உலோக மைக்கைப் பிடித்திருக்கும் போதகரின் உயிரைத்தான் அது பணயம் வைக்கிறது. பிளக் மாட்டிய பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, டிரிப் ஆகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பேட்டரியில் ஓட்ட வேண்டுமானால்: 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கும். லெட் ஆசிட் வகையைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, மீதி 900. இன்வெர்ட்டர் இழப்பு போகக் கையில் 750 என்று வையுங்கள். ஆயிரம் வாட்ஸ் என்று எழுதிய பாக்ஸ்கூடப் பேச்சுக்கும் பாட்டுக்கும் சராசரியாக 100 வாட் அளவில்தான் இழுக்கும். பாக்ஸ் இரண்டு, மிக்சர், வயர்லெஸ், கீபோர்டு சேர்த்து 250 வாட். மூன்று மணி நேரம் ஓடும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் பாக்ஸ் முழுக்க இரைச்சல் கேட்கும். ஜெனரேட்டர் என்றால் 2 கேவிஏ போதும், ஒரு சுவருக்குப் பின்னால், காற்று மக்களிடமிருந்து விலகிப் போகும் பக்கம்.

பாக்ஸை எங்கே நிறுத்துவது

பாக்ஸ் இரண்டுக்கும் இடையில் 10 முதல் 12 மீட்டர். இரண்டும் மைக்குகளுக்கு முன்னால், குறைந்தது 2 மீட்டராவது மக்கள் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். பாக்ஸின் பின்னால் மைக் இருந்தால் ஊளை (பாக்ஸின் ஒலி மைக்குக்கே திரும்பிப் போய் எழும் கூச்சல்) பாதி குறைந்துவிடும். முகப்பைச் சற்று உள்பக்கம் திருப்பி, மக்கள் கூட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தைக் குறிவையுங்கள்.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது டெஸ்ட் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நற்செய்தி வாசிக்கும்போது சபை முழுவதும் எழுந்து நிற்கும். முன்வரிசை ஆட்களின் உடம்பே திரையாகி, பின்னால் இருப்பவர்களுக்கு ச, ட, த, ப எல்லாம் ஒன்றுபோல் கேட்கும். ஸ்டாண்டை 1.8 முதல் 2 மீட்டர் வரை உயர்த்தி, பாக்ஸின் ஹார்ன் (உயர் சுருதி ஒலிகள் வெளிவரும் பகுதி) நிற்பவரின் தலைக்கு மேல் தெரியும்படி வையுங்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் இரண்டு பேரை நிற்கச் சொல்லுங்கள். ஹார்ன் கண்ணுக்குத் தெரிந்தால் ஒலியும் வரும்.

உயர்த்திய ஸ்டாண்ட் காற்றில் சாயும். மூன்று காலையும் முழுதாக விரித்து, ஒவ்வொரு காலிலும் ஒரு மணல் மூட்டை. ஒரு கால் மக்கள் இருக்கும் பக்கம் நீண்டிருக்க வேண்டும். கம்பத்தின் பூட்டு ஊசியைச் சொருகினீர்களா என்று இன்னொருவரும் பார்க்கட்டும்.

மிக்சர் மேசை பீடத்துக்குப் பின்னாலோ நிறுத்திய வேனுக்குள்ளோ வேண்டாம். மக்கள் கேட்பதை மிக்சரில் இருப்பவரும் கேட்க வேண்டும். கூட்டத்தின் நடு ஆழத்துக்குச் சற்றுப் பின்னால், ஓரமாக. மேலே ஒரு குடை. மே மாத வெயில் நேராக விழுந்தால் மிக்சரின் நாப்பில் கை வைக்க முடியாது, டிஸ்பிளேயும் தெரியாது.

கட்டும் வரிசை

இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குங்கள்.

1. பவர் லைனை முதலில் இழுத்து, மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் ஸ்டெபிலைசர் அல்லது இன்வெர்ட்டர்.
2. ஸ்டாண்ட், பாக்ஸ். பாக்ஸின் வால்யூம் நாப்பை மூடியே வையுங்கள்.
3. மைக் கேபிள்களைப் பவர் ஒயரிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் போடுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் சாக்கு அல்லது ரப்பர் மேட். திருவிருந்துக்கு வரிசையாக வருபவர்களில் வயதானவர்களும் இருப்பார்கள்.
4. சேனல்: 1 பிரசங்கம், 2 பீடம் (வயர்லெஸ்), 3 வாசகம், 4 மற்றும் 5 பாடகர் குழு, 6 கீபோர்டு டிஐ, 7-8 ஃபோன் அல்லது லேப்டாப். ஒரு ஒயர் மைக் பீடத்தருகே கையிருப்பு. வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.
5. மிக்சரை ஆன் செய்து, கண்டென்சர் மைக் மாட்டிய பிறகு அதற்கு வேண்டிய மின்சாரமான 48 வோல்ட் பேன்டம் பவர் கொடுங்கள். பாக்ஸை எப்போதும் கடைசியில் ஆன் செய்ய வேண்டும். அணைக்கும்போது பாக்ஸ் முதலில். மாற்றிச் செய்தால் "டப்" என்ற அடியில் ஹார்ன் டிரைவர் போகும்.
6. ஒவ்வொரு மைக் சேனலிலும் லோ கட். காற்றின் உறுமலும் மைக் ஸ்டாண்டில் கால் படும் சத்தமும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும்.
7. கெயின் (மைக்கின் ஒலியை மிக்சர் பெருக்கி வாங்கும் அளவு): உண்மையான குரலில் பேசச் சொல்லுங்கள். "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" வேண்டாம். ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். உச்சத்திலும் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு கெயினை நிறுத்திவிட்டு, சேனல் ஃபேடரும் (அந்தச் சேனலை ஏற்றி இறக்குவது) மாஸ்டரும் (மொத்த வால்யூம்) 0 அருகில் இருக்கும்போது கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்கும்வரை பாக்ஸின் நாப்பைத் திறங்கள்.

வால்யூம் எவ்வளவு? கடைசி வரிசையில் 70 டெசிபல் அளவு பேச்சுக்குப் போதுமானது. போனில் உள்ள மீட்டர் செயலி துல்லியமானதல்ல என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எக்கோவை அணைத்துவிடுங்கள். பாட்டுக்குக் கொஞ்சம் வைக்கலாம், பிரசங்கத்துக்கும் வாசகத்துக்கும் துளியும் கூடாது. மிக்சரில் எஃபெக்ட் பட்டன் இருக்கிறது என்பதற்காகவே போட்டு, "கர்த்தர் கர்த்தர் தர்" என்று ஒலிக்கவிடுவது நம்மூர் மைக் செட்டின் நீண்டகால வியாதி. ஈக்யூவில் (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில்) 250 முதல் 300 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்து, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் கூட்டினால் ல, ள, ழ பிரிந்து கேட்கும்.

மைக் பிடிப்பதும் ஊளையும்

பிரசங்க மைக் வாயிலிருந்து 10 சென்டிமீட்டர். 20 ஆனால் 6 டெசிபல் போச்சு. அதை ஈடுகட்ட நீங்கள் கெயினை ஏற்றுவீர்கள், ஊளை வரும். மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தால் பின்பக்கத் துவாரங்கள் அடைபட்டு, எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும். ஆராதனைக்கு முன்பே மரியாதையாகச் சொல்லிவிடலாம்: "ஐயா, தலையைப் பிடிக்காம கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க, வாய்க்குக் கிட்டவே இருக்கட்டும்." சொல்லாமல் விட்டுவிட்டு ஆராதனை நடுவே சைகை காட்டுவதைவிட இது மேல்.

பாடகர் குழுவின் இரண்டு மைக்கும் முதல் வரிசைக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் என்றால், மைக்குகளுக்கு இடையில் அதைப்போல் மூன்று மடங்கு, 1.8 மீட்டர் இருக்கட்டும். நெருங்கினால் குரல் வெற்றுக் குழாய் வழியே வருவதுபோல் ஒலிக்கும். பாடாதபோது அந்த இரண்டையும் மூடுங்கள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஊளைக்கு முன் கிடைக்கும் வால்யூமில் 3 டெசிபல் போய்விடும்.

ஊளையை மக்கள் வருவதற்கு முன்பே வரவழைத்து வெட்டிவிடலாம். பிரசங்க மைக்கை மட்டும் திறந்து, மாஸ்டரை மெதுவாக ஏற்றுங்கள். முதல் ரீங்காரம் தொடங்கியதும் நிறுத்தி, கிராஃபிக் ஈக்யூவில் அந்தச் சுருதியை 3 டெசிபல் இறக்குங்கள். "ஊ" என்றால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ், விசில் என்றால் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ், காதைக் கீறினால் அதற்கு மேல். மறுபடி ஏற்றுங்கள். மூன்று, நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் வெட்டினால் குரலே செத்துவிடும். அப்படியும் ஊளை வந்தால் பாக்ஸின் இடம் தவறு. கடைசியாக மாஸ்டரை 6 டெசிபல் இறக்கி, அங்கிருந்து தொடங்குங்கள்.

500 பேர் வந்தால்

20 மீட்டருக்கு அப்பால் மக்கள் இருந்தால் முன் பாக்ஸை அலறவிடாமல், 25 மீட்டரில் இன்னொரு ஜோடி வையுங்கள். ஆனால் ஒயரில் மின்னோட்டம் உடனே போய்ச் சேரும், காற்றில் ஒலி மெதுவாகத்தான் வரும். 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 25 மீட்டர் வர 71 மில்லிநொடி. பின் பாக்ஸுக்கு இந்தத் தாமதத்தைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். 71உடன் இன்னும் 10 கூட்டி 81 வையுங்கள். ஒலி மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். டிஜிட்டல் மிக்சர் பலவற்றிலும், பின்பக்கம் திரை உள்ள ஆக்டிவ் பாக்ஸ் பலவற்றிலும் டிலே வசதி உண்டு. இல்லையென்றால் பின் ஜோடி வேண்டாம், அரைவட்டமாக உட்கார வைப்பதே வழி.

புளூடூத்தில் இரண்டாவது பாக்ஸை இணைக்கும் யோசனை யாருக்காவது வரும். பல பெட்டிகளில் அது 100 மில்லிநொடிக்கு மேல் பிந்தும், நம் இஷ்டப்படி மாற்றவும் முடியாது.

நடுவில் கெட்டால்

ஹம்மிங் வந்தால் சேனல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதில் நிற்கிறதோ அதுதான். கீபோர்டு என்றால் டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (இது மின் எர்த்தைக் கழற்றுவதல்ல, சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது). லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள்.

இரண்டு பாக்ஸும் பாடுகிறது, நடுவில் நின்றால் அடித்தொனி இல்லாமல் மெலிந்து கேட்கிறதா? ஒரு கேபிளில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் மாறியிருக்கிறது. கையிருப்புக் கேபிளை மாட்டுங்கள். வயர்லெஸ் விட்டு விட்டு வந்தால் முதலில் பேட்டரி, பிறகு ரிசீவர். ரிசீவரை மேடைப் பக்கம், ஆன்டெனா தெரியும்படி, மக்கள் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். மனித உடம்பு அந்த அலையை உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை வயர்லெஸ், 250 பேர் பையில் ஃபோன் இருக்கும் இடத்தில் தடுமாறலாம். அதனால்தான் பீடத்திலும் ஒயர் மைக் ஒன்றைத் தயாராக வைக்கச் சொல்கிறோம்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2, வடகிழக்குப் பருவமழையின் நடுவில். பாலித்தீனை பாக்ஸின் மேலும் பக்கங்களிலும் போடுங்கள், பின்பக்கத்தின் சூடு வெளியேறும் துடுப்பு திறந்திருக்கட்டும். ஜங்ஷன் பாக்ஸை இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். இடி கேட்டதும் மெயினைக் கழற்றி, மைக் இல்லாமல் முடிப்பதே சரி.

சிலுவைப்பாதை, தேர்பவனி போன்று நடந்துகொண்டே நடப்பவற்றுக்கு இந்த செட் பொருந்தாது. பேட்டரி டிராலி ஸ்பீக்கர் ஒன்றும் கை மைக் ஒன்றும் போதும். கூட்டத்தின் முன்னால் தள்ளாமல், நடுவில், ஓரமாக ஒருவர் இழுத்து வரட்டும்.

கழற்றும்போது

பாக்ஸ் அணைத்து, மிக்சர் அணைத்து, மெயினைக் கழற்றிய பிறகே கேபிள். முழங்கையில் சுற்றாதீர்கள்; உள்ளே செம்பு முறுக்கேறி, அடுத்த பண்டிகையில் கனெக்டர் பக்கத்தில் அறுந்திருக்கும். பெரிய வளையமாக, ஒரு வளையத்தை மேல்மடிப்பாகவும் அடுத்ததை உள்மடிப்பாகவும் சுற்றினால் முறுக்கு விழாது. பனியில் நனைந்த ஸ்பாஞ்ச் உறைகளைக் கழற்றிக் காயவைத்த பிறகே மைக்கை டப்பாவில் போடுங்கள். வயர்லெஸ்ஸின் பேட்டரியை வெளியே எடுங்கள். சந்தேகம் வந்த கேபிளுக்கு அங்கேயே சிவப்பு டேப். இன்வெர்ட்டர் பேட்டரியை அன்று இரவே சார்ஜில் போடுங்கள். இறங்கிய நிலையில் ஒரு மாதம் கிடந்த லெட் ஆசிட் பேட்டரி பழைய அளவுக்கு மீண்டும் ஏறாது.